எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் உதறல்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற தொழிலுக்கு மூளைதான் முதல் என்பார்கள். என்னைக் கேட்டால் வயிறுதான் முதல், ஏனென்றால் எந்தத் தப்பும் எனக்கு முதலில் அங்கேதான் தெரியவருகிறது.

நான் அகரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடம், தமிழ்வழி. கல்யாணமாகி, மகள் இனியா பிறந்து, அவள் ஓடித்திரிய ஆரம்பித்த பிறகு திண்டுக்கல்லில் ஒரு சென்டரில் சேர்ந்து பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். என் வீட்டுக்காரர் அதற்கு மலைப்பாம்புப் படிப்பு என்றே பேர் வைத்துவிட்டார். படித்த கையோடு ஒரு பாத்திரக்கடை மாடியில் இருக்கும் சின்ன ஆபீசில் வேலை கிடைத்தது. முதலாளி ஆரோக்கியம் சார், மூத்தவர் ஜெசிந்தா அக்கா, கடைசியில் நான். கடைக்கும் கிளினிக்குக்கும் மண்டிக்கும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

வேலை கிடைத்தது என்றா சொன்னேன்? பாதிதான் கிடைத்தது. "பொங்கல் வரைக்கும் பாப்போம்மா. தேறுனா வேலை உனக்கு. தேறலைன்னா வருத்தப்படக் கூடாது, இஞ்சினியரிங் முடிச்ச பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார் சார். வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், இன்னொரு கயிற்றைப் போட்டார். "மாசியில மல்லி கொட்ட ஆரம்பிச்சிரும். அப்ப என்னால பிள்ளையப் பாக்க ஏலாது. நிலைக்கிற வேலைன்னா ஏதாச்சும் வழி பண்ணுவோம். நிலைக்காதுன்னா இதோட விட்டுப்புட்டுப் பூப்பறிக்க வந்துரணும்." சரி என்று தலையாட்டினேன். பூப்பறிப்பது ஒன்றும் கேவலமில்லை, நானும் இருட்டோடு எழுந்து பறித்தவள்தான். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததாலேயே பயமும் பிடித்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் கீபோர்டில் என்ன அடித்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்துதான். 25 என்று அடித்தாலும் அதற்கு அது இருபத்தைந்து இல்லை. ஒரு ரெண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு அஞ்சு. சரம் கட்டுகிற மாதிரி எழுத்தைக் கோத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதற்கு ஸ்ட்ரிங் என்று பேர். "இது எழுத்தில்லை சாமி, எண்" என்று நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். புதுசாகப் படிக்கிற அத்தனை பேரும் வழுக்கி விழுகிற இடம் இது. நீங்களும் விழுந்திருந்தால் வாருங்கள், இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள்.

அஞ்சும் ஏழும்

வேலை கேட்டுப் போன அன்றைக்கு ஆரோக்கியம் சார் ஒரு சோதனை வைத்தார். ரெண்டு எண்ணைக் கேட்டு வாங்கி, கூட்டிச் சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம். "இது ஒரு விஷயமா?" என்று மனசு சொன்னது. விரல் அதைக் கேட்கவில்லை. குளிரில் நனைந்த கோழி மாதிரி நடுங்கியது. எப்படியோ எழுதி ஓட்டினேன். 5 கொடுத்தேன், 7 கொடுத்தேன். விடை 57 என்று வந்தது. சரி, மெஷினுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து 10, 20 கொடுத்தேன். 1020 என்று பவ்வியமாகச் சொன்னது. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டத்தானே செய்யும்! அது அப்போது எனக்கு எங்கே தெரிந்தது?

பின்னால் சாருடைய செருப்புச் சத்தம் வந்து நின்றது. எனக்குக் காது அடைத்துப்போனது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெசிந்தா அக்கா வாயை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது "எந்திரிச்சுப் போ" என்று. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று பையைத் தோளில் மாட்டி, சாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ புள்ள, 'இன்ட் போடு'ன்னு சொன்னேன்டி, எண்ணா மாத்துன்னு அர்த்தம்! எந்திரிச்சுப் போன்னு நான் எப்பச் சொன்னேன்?"

ரெண்டுக்கு முன்னால் பத்து

முதன்முதலில் நான் எழுதியது ஒரு குழந்தைகள் கிளினிக்குக்கு. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, வரிசையாகக் கூப்பிடுகிற புரோகிராம். ஆபீசில் ஒன்று முதல் ஒன்பது வரை போட்டுப் பார்த்தேன். தங்கமாக ஓடியது. ஒன்பதுக்கு மேலேயும் எண்கள் உண்டு என்பது அன்றைக்கு எனக்கு நினைவு வரவில்லை.

கிளினிக்கில் ஆரம்பித்த நாளில் என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். காய்ச்சல் சீசன், கால் வைக்க இடமில்லை. திரையில் 1 வந்தது. அந்த அம்மா பிள்ளையோடு உள்ளே போனார். அடுத்து 10 வந்தது. அப்புறம் 11. அப்புறம் 12. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்தாக வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தினால் அகராதி மாதிரி முதல் எழுத்தைத்தான் பார்க்கும். ஒன்றில் ஆரம்பிக்கிறதெல்லாம் முன்னால், ரெண்டெல்லாம் பின்னால். டோக்கன் ரெண்டு வைத்திருந்தவர் தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, திரையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை கண் திறக்காமல் கிடந்தது. நர்ஸ் அக்கா என் பக்கம் கையைக் காட்ட, மொத்தக் கூட்டமும் திரும்பியது. அத்தனை அம்மாக்களின் கண்ணையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? புலியே தேவலை.

வாயாலேயே கூப்பிடச் சொல்லி நர்ஸ் அக்காவிடம் கெஞ்சிவிட்டு, அந்த மூலையிலேயே உட்கார்ந்து டோக்கனை எண்ணாக மாற்றினேன். டோக்கன் ரெண்டுக்காரர் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது என் முன்னால் நின்றார். கோபமாகக்கூட இல்லை.

"ஏத்தா, ரெண்டுக்கு முந்திப் பத்து வாரது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு? எம்பிள்ளைய அங்க சேத்துறக் கூடாது பாரு, அதுக்குத்தேன் கேக்குறேன்."

கைக்குழந்தை, தொண்ணூற்றைந்து கிலோ

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கிளினிக்குதான். குழந்தையின் எடையைப் போட்டால், எவ்வளவு மருந்து என்று டாக்டரம்மாவுக்குக் காட்டுகிற மாதிரி ஒரு வசதி கேட்டார்கள். நர்ஸ் அக்காவுக்கு எடையோடு "கிலோ" என்றும் சேர்த்து அடித்துப் பழக்கம். "9.5கிலோ" என்று அடித்ததும் புரோகிராம் படுத்துவிட்டது. நான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! 'இலக்கம் எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் தூக்கி எறி' என்று ஒரு வரி எழுதினேன். புரோகிராம் படுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புள்ளியும் இலக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்குத் தோன்றியது. கிலோவோடு சேர்த்துப் புள்ளியையும் தூக்கி எறிந்துவிட்டது. மறுநாள் டாக்டரம்மா முன்னால் போட்டுக் காட்டினோம். நிஜக் குழந்தை இல்லை, சும்மா ஒரு எடை. திரையில் 95 என்று வந்தது. பக்கத்தில் அதற்கேற்ற மருந்தும் வந்தது. நர்ஸ் அக்கா "இது பிள்ளையா, யானைக்குட்டியா?" என்று சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கண்ணாடி வைத்த சத்தம் இன்னமும் அடிவயிற்றில் கேட்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இனியா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தூக்கினேன், கை நடுங்கியது. "ஏம்மா, நான் கனக்குறேனா?" என்றாள். இல்லடி தங்கம் என்று சொல்லும்போதே டாக்டரம்மா சொன்னதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, சந்தேகம் என்றால் என் புரோகிராம் ஊகம் பண்ணாது. சிவப்பில் "தவறான மதிப்பு" என்று காட்டி நின்றுவிடும். அவர் சொன்னது இதுதான்:

"மெஷினு நின்னுபோனா எனக்குப் பயமில்லம்மா, நான் கையால எழுதிக்குவேன். நிக்காம, கூசாம தப்புச் சொல்லுச்சு பாரு, அதுக்குத்தான் பயப்படுறேன்."

அத்தையின் சந்தேகம்

இப்படி நான் பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வருவதைப் பார்த்து அத்தைக்கே பொறுக்கவில்லை. வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "அப்படி என்னதான்டி செய்றீக அந்த மாடியில?" என்று கேட்டார். பாடம் எடுக்கிற ஆசை எனக்கும் உண்டே! சரம், எழுத்து, எண், மாற்றுவது என்று விலாவாரியாகச் சொன்னேன். அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"எழுத்த எண்ணா மாத்துறதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்குப் போக ஒரு பஸ்ஸு, அதுக்கு ஒரு டிபன் பாக்ஸு. ஒண்ணாப்பு டீச்சரு இத ஒரு குச்சிய வச்சே பண்ணிப்புடும்."

கண்ணுக்குத் தெரியாத எல்

செம்பட்டியில் ஒரு ரைஸ் மில். மூட்டை எடையைப் பதிகிற புரோகிராம் கொடுத்திருந்தோம். ஒரு நாள் காலையிலேயே போன். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற தங்கவேலு அண்ணன்தான். "தவறான மதிப்புன்னு கத்துதும்மா." என்ன அடித்தீர்கள் என்றேன். பதினஞ்சு என்றார். திரும்ப அடிக்கச் சொன்னேன். திரும்பக் கத்தியது. இருபத்தி மூணு அடிக்கச் சொன்னேன். ஏற்றுக்கொண்டது. பதிமூணு அடித்தால் கத்தல். நாப்பத்தெட்டு அடித்தால் சமர்த்து. ஒன்று வந்தால் மட்டும் பிடிக்காத கம்ப்யூட்டரை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இந்த நேரம் பார்த்துச் சார் வேறு, "போயிட்டு வா. ஆனா சரிபண்ணாம வராத" என்றார். பஸ்ஸில் செம்பட்டி வரைக்கும் எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் ஆளுக்கொரு தேங்காய் நேர்ந்துகொண்டே போனேன்.

அங்கே போய்த் திரையைப் பார்த்தால் 15 என்றுதான் இருக்கிறது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் 15. திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய விரலைப் பார்த்தேன். கூட்டாளிகளே, அங்கேதான் இருந்தது பேய்! ஒன்றுக்கு அவர் மேல் வரிசைக்கே போகவில்லை. வலது கை மோதிர விரலால் எல் என்கிற இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினார். அந்தத் திரையில் சின்ன எல்லும் ஒன்றும் இரட்டைப் பிள்ளைகள். "அண்ணே, அது ஒண்ணு இல்லண்ணே, எல்லுண்ணே" என்றேன். அவருக்கு வந்ததே ரோசம்!

"டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணுனவன்மா நான். எங்க மெஷின்ல ஒண்ணுங்குற கட்டையே கிடையாது, எல்லுதான் ஒண்ணு. அம்புட்டு வருசமா எந்த ஆபீசரும் கண்டுபிடிக்கல, உம் பொட்டி மட்டும் கண்டுபிடிச்சிருச்சாக்கும்!"

முன்னால் நிற்கிற சைபர்

நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு வண்டி ஸ்டாண்டு. பழனிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மொபெட்டையும் பைக்கையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். டோக்கன் எண்ணைத் தட்டினால் எந்த வண்டி, எந்த வரிசை என்று காட்டுகிற புரோகிராம். எழுத்தாக வைத்து ஒரு தடவை அடிபட்டவள் இல்லையா, இந்தத் தடவை டோக்கனை முதலிலேயே எண்ணாக மாற்றிவிட்டேன். அங்கே பழைய பித்தளை டோக்கன் 07 என்றும், புதுசாக வாங்கிய பிளாஸ்டிக் டோக்கன் 007 என்றும் இருந்தது யாருக்குத் தெரியும்? எண்ணாக மாற்றினால் ரெண்டும் வெறும் ஏழு. டோக்கன் வேறு, எண் வேறு. டோக்கன் என்பது பேர் மாதிரி, எழுத்தாகவேதான் இருக்க வேண்டும் என்பது எனக்குப் புத்திக்கு வருவதற்குள் ஒருத்தருடைய மொபெட்டை, அச்சு அசல் அதே மாதிரி மொபெட் வைத்திருந்த இன்னொருத்தர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டாண்டுக்காரர் போனில் "போலீஸ்" என்கிற வார்த்தையைச் சொன்னதும் எனக்குக் கண்முன்னே இனியா, அத்தை, பூக்கூடை எல்லாம் வரிசையாக வந்துபோனார்கள். சார் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நல்லவேளை, ஓட்டிக்கொண்டு போனவர் பாதி வழியில் ஹேண்டில்பாரில் தொங்கிய அந்நியத் தூக்குவாளியைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள் வண்டியைப் பறிகொடுத்த தென்னந்தோப்புக்காரர் போனை வாங்கி என்னிடம் பேசினார். அந்தப் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது திட்டைவிடப் பயங்கரம்.

"ஏனுங்க அம்மிணி, முன்னால நிக்கிற சைபருக்கு மதிப்பில்லீன்னு உங்க மிசினு சொல்லுதாமுங்க. அந்த சைபர்லதானுங்க என்ற வண்டி நிக்குது."

முதல் மூட்டை

அப்புறம் வந்தது வெங்காய மண்டி. திண்டுக்கல்லில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வாடிக்கை. இது நன்றாக ஓடினால் பக்கத்து மண்டிகளும் வரும் என்று சார் சந்தோஷத்தில் இருந்தார். கூடவே, "செல்வி, இதையும் பாத்துட்டு உன்னப் பத்தி முடிவு சொல்லிர்றேன்" என்றும் சொன்னார். மார்கழி பிறப்பதற்கு முன்னால் நல்ல நாளில் ஆரம்பித்துவிட வேண்டும் என்று மண்டி முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். அந்த நல்ல நாளில் சாருக்கு மதுரையில் வேலை, ஜெசிந்தா அக்காவுக்குத் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான் மட்டும்தான் போனேன்.

போனால் திருவிழா மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் சந்தனப்பொட்டு, கீபோர்டுக்குக் குங்குமம், சுவரில் பெரிய டிவி. விவசாயிகள் எல்லாரும் பார்க்கட்டும் என்று முதலாளி ஆசையாக மாட்டியது. மூட்டைமேல் உட்கார்ந்தபடி சுற்றிலும் வெங்காயக்காரர்கள். சூடம் காட்டினார்கள். முதல் மூட்டை தராசில் ஏறியது. எடை போடுகிறவர் மண்டியே அதிர, "லாபம்!" என்று கூவினார். மூட்டை எண் கட்டத்தில் கணக்குப்பிள்ளை முருகேசண்ணன், கூவியதை அப்படியே, அழகுத் தமிழில் அடித்துப் பொத்தானை அமுக்கினார்.

சுவர் முழுக்கச் சிவப்பாக வந்தது: "தவறான மதிப்பு: லாபம்."

மூட்டைமேல் இருந்தவர்கள் அத்தனை பேரும் சுவர் பக்கம் திரும்பினார்கள். அதுவும் எல்லாருக்கும் புரியட்டும் என்று, பிழைச் செய்தி தமிழில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். இங்கிலீஷில் இருந்திருந்தால் பாதிப்பேர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மூட்டைமேலிருந்து ஒருத்தர், "நல்ல நாளும் அதுவுமா லாபம் தப்புங்குது" என்றார். இன்னொருத்தர் தராசிலிருந்து தன் மூட்டையை இறக்கச் சொன்னார். முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "யாரு எழுதுனது இத?" என்றார். கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. "பொட்டியக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போம்மா. உங்க சாருக்கு நான் பேசிக்கிறேன்."

முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று எண்ணுவது எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் வீட்டிலும் மரக்காலால் அளந்தால் லாபம், ரெண்டு, மூணுதான். ஆனால் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு ஊர் மறந்துவிட்டது. "அண்ணே, இப்போதைக்கு ஒண்ணுன்னு அடிச்சிருங்களேன்" என்று முருகேசண்ணனிடம் கிசுகிசுத்தேன். அவர் கீபோர்டிலிருந்து கையையே எடுத்துவிட்டார். "முதல் மூட்டைய ஒண்ணுன்னு சொன்ன நாக்கு இந்த மண்டியில கிடையாதும்மா. நான் அடிக்க மாட்டேன்."

"முதலாளி, செத்த நேரம் குடுங்க. இந்தச் சூடம் அணையறதுக்குள்ள" என்றேன். அவர் சூடத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.

உங்களிடம் மறைப்பானேன், அந்த நேரத்தில் ஒரு கெட்ட புத்தி வந்தது. சிவப்பு எழுத்து வருகிற அந்தச் சோதனையையே தூக்கிவிட்டால் என்ன? யார் எதை அடித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு மானம் தப்பிக்கும், வேலையும் தப்பிக்கும். ஒரே வரிதான். விரலைக்கூடக் கொண்டுபோய்விட்டேன். அப்புறம், இத்தனை விவசாயிகளின் மூட்டை இதற்குள் போகப்போகிறது, கூசாமல் தப்புச் சொல்லுமே என்று நினைத்ததும் விரல் தானாகப் பின்வாங்கியது. சோதனை அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு வாசல் மட்டும் வைத்தேன்: முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை எடுத்துவிட்டுப் பார், 'லாபம்' என்று இருந்தால் ஒன்றாக எடுத்துக்கொள், வேறு எதுவானாலும் பழையபடி நில்.

சூடம் கருகுகிற நேரத்தில் இன்னொரு பயம் பிடித்தது. உள்ளே ஒன்றாக மாறிவிட்டால் சுவரிலும் சீட்டிலும் '1' என்றுதானே வரும்? அதையும் பார்த்தால் முதலாளி என்னை வெங்காயத்தோடு சாக்கில் கட்டிவிடுவார். போன வழியே திரும்பி வருகிற மாதிரி, காட்டும்போது ஒன்றை மறுபடி எழுத்தாக மாற்றி 'லாபம்' என்று போடச் சொன்னேன். கூட்டலுக்கு எண், கண்ணுக்கு எழுத்து. கை நடுக்கத்தில் ஒரு அடைப்புக்குறியை விட்டு, தேடிப்பிடித்துப் போட்டு, "அண்ணே, அடிங்க" என்றேன். முருகேசண்ணன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி இன்னொரு சூடத்தை எடுத்து, முதல் சூடத்தின் கடைசி நெருப்பில் பற்றவைத்தார்.

"லாபம்!" என்று மறுபடி கூவல். பொத்தானை அமுக்கினார். சுவரில் கறுப்பெழுத்தில் "லாபம்" என்று வந்தது, பக்கத்தில் எடையோடு. யாரோ குலவை போட்டார்கள். ரெண்டு வந்தது. அடுத்ததற்கு முருகேசண்ணன், கூவியதை அப்படியே அடிக்கிற உற்சாகத்தில் "மூணு" என்று எழுத்தாலேயே அடிக்க, சுவர் மறுபடி சிவந்தது: "தவறான மதிப்பு: மூணு." எனக்கு உயிர் ஒரு தடவை போய்விட்டு வந்தது. முதலாளி அதைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "லாபத்த ஒத்துக்கிருச்சு, முருகேசன மட்டும் திட்டுது. அப்ப வெவரமான பொட்டிதேன்" என்றார். மண்டியே சிரித்தது. மூட்டையை இறக்கச் சொன்னவர், "ஏலே, ஏத்துங்கடா" என்றார்.

மறுநாள் ஆபீசுக்குப் போகும்போது மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரு மலையாக இருந்தது. சார் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தார். சிவப்பு எழுத்து வந்த கதை அவருக்கு முதலிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "உக்காரு செல்வி" என்றார். உட்காரச் சொன்னால் கெட்ட செய்தி என்பதுதானே நம் அனுபவம்? நான் நின்றுகொண்டே இருந்தேன். "பொங்கல் வரைக்கும் பாப்போம்னு சொன்னேன்ல? அது இனி வேணாம்" என்றார். எனக்குப் பாத்திரக்கடைப் பாத்திரமெல்லாம் மொத்தமாக உருண்ட மாதிரி இருந்தது. பிறகுதான் அவர் உதட்டோரம் சிரிப்பதைக் கவனித்தேன். மண்டி முதலாளி காலையில் போன் பண்ணிச் சொன்னதை, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"அந்தப் பிள்ளைய எங்கிட்டும் விட்டுறாதீக சார். புதுசா எவனாச்சும் வந்து எங்க லாபத்த மறுபடியும் தப்புன்னுட்டான்னா, அப்புறம் நான் பொறுக்க மாட்டேன்."

ஆக, மனுசர் அடிக்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் எண் என்று நம்புவதற்கு இடையில் ஒருத்தி கிடந்து நடுங்கியாக வேண்டும் போலிருக்கிறது, அந்த நடுக்கத்தைத்தான் எனக்கு இப்போது நிரந்தரம் ஆக்கியிருக்கிறார்கள்.